குற்றாலக் குறவஞ்சியும் ஆங்கில அணிகளும்

ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் நம்மில் பெரும்பாலோர் பள்ளியிறுதி வரை தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். முதலாண்டு வகுப்பில் சிமிலி, மெட்டபர், மெட்டானிமி, சினெக்டகி, ஹைப்பர்போலி, ஐரனி என்று பெயர்கள் வரிசையாகக் கரும்பலகையில் ஏறும்போது நம்மை ஒரு மருட்சி பற்றிக் கொள்கிறது. கடையில் ‘நோட்ஸ்’ வாங்கி இலக்கணங்களை உருப்போடுகிறோம். தேர்வில் முன்பின் பாராத கவிதைப் பகுதியொன்றைக் கொடுத்து நயம் கூறுக என்றாலோ, உருப்போட்டது கை கொடுப்பதில்லை. இந்த மருட்சி தேவையற்றது. அணி பற்றிய அறிவு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதற்கான சான்றுகள் நம் ஊர்ப் பக்கத்திலேயே உண்டு.

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியைப் பாருங்கள். தன் மலையின் பெருமை பேச வந்த குறத்தி, தேனருவியின் அலைகள் வானம் வரை எழுவதால் கதிரவனின் குதிரைகளும் தேர்ச்சக்கரமும் அங்கே வழுக்குகின்றன என்கிறாள். இதை உயர்வு நவிற்சி அணி என்று பள்ளியில் படித்தோம். தண்டியலங்காரம் அதிசய அணி என்னும். ஆங்கிலத்தில் இதுவே ஹைப்பர்போலி. ஆயினும் பெயரைச் சொன்னதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. 1681இல் அச்சான ஆண்ட்ரூ மார்வெலின் புகழ்பெற்ற காதற் கவிதையில், காலம் மட்டும் இருந்தால் உன் கண்களைப் புகழவே நூறாண்டு செலவிடுவேன் என்கிறான் காதலன். அந்தக் காலம் நமக்கு இல்லையே, ஆகவே தயங்காதே என்று வாதாடுவதற்கு அவன் இட்ட அடித்தளம் அது. குறத்தியின் மிகையோ பிறந்த மண்ணின் பெருமிதம். அணி ஒன்றே, அது செய்யும் வேலை வேறு. தேர்வுத்தாளில் முழு மதிப்பெண் பெறுவது இந்த இரண்டாவது பகுதிதான்.

அதே நூலில் சிங்கனும் சிங்கியும் உரையாடும் பகுதி இன்னும் சுவையானது. மனைவியின் காலைப் பார்த்து, விரியன் பாம்பு கடித்துக் கிடப்பதேன் என்று கேட்கிறான் சிங்கன். பாம்பல்ல, குறி சொல்லிப் பரிசாகப் பெற்ற சிலம்பு என்கிறாள் சிங்கி. இப்படியே ஒவ்வொரு நகைக்கும் ஒரு கேள்வி, ஒரு விடை. ‘போல’ என்ற உருபு இல்லாததால் மெட்டபர் என்று எழுதி நகர்ந்துவிடலாம். ஆனால் காட்டில் பறவை பிடித்துத் திரிபவன் கண்ணுக்குத்தான் சிலம்பு பாம்பாகத் தெரியும். இந்த நகையெல்லாம் உனக்கு எப்படி வந்தது என்ற ஐயமும் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. உருவகம் இங்கே பாத்திரத்தின் குணத்தையும் நாடகத்தையும் ஒருசேரச் சுமக்கிறது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. அவர்கள் பாட்டை வாய்விட்டுப் படித்துச் சுவைப்பதையே முதன்மையாகக் கொண்டவர். இப்பகுதியை அப்படிப் படித்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

உவமைக்கும் உருவகத்திற்கும் உள்ள உறவைப் பற்றிக் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் நம் நாட்டுத் தண்டியும் ஏறத்தாழ ஒரே செய்தியை எதிரெதிர்த் திசையிலிருந்து சொல்வது வியப்பளிக்கிறது. உவமையும் ஓர் உருவகமே, வேறுபாடு சிறிது என்பது அரிஸ்டாட்டில் கருத்து. வேற்றுமை மறைந்த உவமையே உருவகம் என்பது தண்டியின் கருத்து. தொல்காப்பியரோ உவமைக்கென்றே ஓர் இயல் வகுத்தார்.

மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் ஒன்பதாம் காண்டத்தில் நம் ஆலமரம் வருகிறது! ஆதாமும் ஏவாளும் இலை பறித்து உடை தைக்கும் இடம் அது. மலபாரிலும் தக்காணத்திலும் இந்தியர் அறிந்த மரம் என்றே மில்டன் குறிப்பிடுகிறார். மலபார் நமக்கு மலைக்கு அப்பால் உள்ள நாடு. வளைந்து நிலத்தில் வேர்விடும் கிளைகளைத் தாய்மரத்தைச் சூழ்ந்த மகள்களாகக் காண்கிறார். நாலடியாரோ, கறையான் அரித்த ஆலமரத்தை விழுது தாங்குவது போலத் தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என்கிறது. மரம் ஒன்று; ஒருவர் கண்டது பெருகும் குடும்பம், மற்றவர் கண்டது முதுமைக்குத் துணை. ஆலிலையை வீராங்கனையரின் கேடயம் அளவுக்கு அகன்றதாக மில்டன் சொல்லும்போது மட்டும், தெருவோர ஆலமரத்தடியில் நின்று வளர்ந்த நாம் சற்றே புன்னகைக்கலாம். கண்பார்வை இழந்தபின் காவியம் பாடிய அவர், இம்மரத்தை நூல்வழியே அறிந்தவர்.

மெட்டானிமி, சினெக்டகி இரண்டும் நன்னூல் ஆகுபெயரில் அடங்கிவிடும். ஊர் சிரித்தது என்றால் இடவாகுபெயர். வெற்றிலை நட்டான் என்றால் சினையாகுபெயர். முன்னது மெட்டானிமி, பின்னது சினெக்டகி.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடும் என்று கருதவும் கூடாது. ரைம் என்பதை எதுகை என்று மொழிபெயர்க்கும் வழக்கம் நம் வகுப்புகளில் பரவலாக இருக்கிறது. எதுகை அடிகளின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் அமைவது. அடியிறுதியில் ஒலி ஒன்றுவது இயைபு. ரைமுக்கு நெருங்கியது அதுதான். அலிட்டரேஷனை மோனை எனலாம். ‘பேயோவுல்ஃப்’ போன்ற பழைய ஆங்கிலப் பாடல்களில் அது வெறும் அழகன்று. நம் மோனைத் தொடையைப் போல அடியைக் கட்டும் கயிறு.

கோவலன் மதுரைக்குள் புகும்போது மதிற்கொடிகள் வாராதே என்று கைகாட்டியதாகச் சொல்லும் சிலப்பதிகார இடத்தைத் தற்குறிப்பேற்ற அணிக்கு உதாரணமாகப் படித்தோம். இதைப் ‘பத்தட்டிக் ஃபாலசி’ என்று எழுதுவோர் உண்டு. அச்சொற்றொடரை 1856இல் படைத்த ரஸ்கின், உணர்ச்சி மிகுந்து இயற்கையைத் திரித்துக் காணும் குறையைச் சுட்டவே அதைப் படைத்தார். நமக்கு அணியாக இருப்பது அவருக்குப் பிழை. விடையில் இந்த வேறுபாட்டை ஒரு வரியேனும் எழுத வேண்டும்.

ஐரனிதான் நம்மை அதிகம் ஏமாற்றுவது. கயவரைத் தேவரோடு ஒப்பிடும் குறள் வஞ்சப்புகழ்ச்சி. சொல்லளவிலான ஐரனிக்கு அது பொருந்தும். ஆனால் ‘மாக்பெத்’ நாடகத்தில் டங்கன் மன்னன் தன்னைக் கொல்லப்போகும் வீட்டின் வாயிலில் நின்று இங்கே காற்று இனிமையாக இருக்கிறது என்று மகிழ்கிறான். அவன் யாரையும் பழிக்கவில்லை, மனமாரத்தான் சொல்கிறான். நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. சிலப்பதிகாரத்திலும் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்று பாண்டியனிடம் காட்டிக் கொடுக்கிறான். உண்மை நமக்குத் தெரியும், அரசனுக்குத் தெரியாது. தண்டி வகுத்த முப்பத்தைந்து பொருளணிகளில் இதற்கென்று ஒரு பெயர் இல்லை. இங்கே மட்டும் ‘டிராமட்டிக் ஐரனி’ என்ற ஆங்கிலப் பெயரையே கடனாகப் பெற்றுச் சிலம்பைப் படிக்கலாம்.