கடல் மூடும் மாரியில் களைகட்டும் சீகிரியா!

மார்கழி பிறந்தால் வாடைக்காற்றில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளிக் கடல் முரடாகிவிடும். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுகளைக் கரையேற்றி வைத்துவிடுவார்கள். ஆனால் அதே வாடைக்காற்று மழையோடு உள்நாட்டுக்குள் வந்து சீகிரியாக் குன்றைச் சுற்றி என்ன கூத்துக் கட்டுகிறது தெரியுமா? குளமெல்லாம் தளும்புகிறது. வறண்ட மாதங்களில் சேறு தெரிந்த ஓரங்களில் இப்போது படகு போகிறது!

சீகிரியாவிலிருந்து கொஞ்ச தூரம் வாகனத்தில் போனால், ஹபரணைக்குப் பக்கத்தில் ஹிரிவடுன்ன குளம். மாட்டுவண்டி, படகு, மண்சட்டிச் சமையல் என்று கிராமச் சுற்றுலா அங்கே பிரபலம். எனக்கோ படகு புறப்படும் முன் நடப்பதைப் பார்க்கத்தான் ஆசை.

ஒடுங்கிய வள்ளங்கள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை அடித்து, மேலே இருக்கை போட்டிருக்கிறார்கள். ஒற்றை வள்ளம் காற்றடித்தால் உருளப் பார்க்கும்; இரண்டு சேர்ந்தால் ஆடுமே தவிர லேசில் சரியாது. இரவு மழை உள்ளே தேங்கியிருக்க, அதை இறைத்துக் கொட்டுவதுதான் விடிந்ததும் முதல் வேலை. அடுத்து ஆட்களை உட்கார வைப்பது. அட, அது ஒரு கலை! படகோட்டி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “நங்கி (தங்கச்சி) நடுவில. ஐயா அந்தப் பக்கம்.” அவ்வளவுதான், படகு மட்டமாக நின்றது!

நடுக்குளத்தில் காற்றுக்குத் தடையே இல்லை. சிற்றலை எழும்பி முகத்தில் தெறித்தது; நாங்கள் கூச்சல் போட்டோம். அவர் பதறவில்லை. முகப்பைக் காற்றுக்கு எதிரே பிடித்து, மெல்ல மெல்லத் தாமரை அடர்ந்த பக்கம் ஒதுக்கினார். இலைக்கூட்டத்துக்குள் அலை அடங்கிப்போயிற்று. அங்கேதான் அவருடைய கைவேலை ஆரம்பம். ஒரு தாமரை இலையை மடித்துத் தண்டுத் துண்டால் குத்தினார், தொப்பி தயார். அல்லித் தண்டைத் துண்டு துண்டாக ஒடித்து, ஒரு துண்டு இடப்பக்கம், ஒரு துண்டு வலப்பக்கம் என்று தோலை உரித்துக்கொண்டே போனார். அறாமல் நின்ற தோலே நூல், தண்டுத் துண்டுகளே மணி, பூவே பதக்கம். நூலுமில்லை, ஊசியுமில்லை, மாலை தயார்!

இன்னொரு ரகசியம் சீகிரியாவிலேயே இருக்கிறது. பலர் சுமார் 200 மீட்டர் உயரக் குன்றையே அண்ணாந்து பார்த்தபடி கீழேயுள்ள நீர்த்தோட்டத்தைக் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அங்கே நில்லுங்கள். துளையிட்ட வட்டமான சுண்ணாம்புக்கல் பலகைகள் தெரியும். அவை 5ஆம் நூற்றாண்டில், மன்னன் காசியப்பன் காலத்தில் அமைத்த நீரூற்றுகள். மோட்டார் கிடையாது. நிலத்தடிக் கால்வாய் வழியே வரும் தண்ணீர், தன் அழுத்தத்தாலேயே துளைகளில் பீறிடும். மாரியில் நீர்மட்டம் ஏறும்போது அவை இன்றும் வேலை செய்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு வயதான கல், மழை கண்டால் இன்னும் துள்ளுகிறது! இந்த ஒன்றுக்காகவே மழையில் நனையலாம்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இடி முழங்கினால் குளத்தில் இறங்க வேண்டாம், ஈரப் படிகளில் குன்றேறவும் வேண்டாம். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி, வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டே படகில் ஏறுங்கள்.