விளக்குகள் சொன்ன பதில்

எதிர்ப்பு ஒலிபரப்பு என்றதும் அதில் என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்கிறோம். கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பதில்லை.

சோவியத் பிடியிலிருந்த போலந்தில் 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்தது. 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கத்தினர் ஆயிரக்கணக்கில் சிறைவைக்கப்பட்டார்கள், தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டன, தொலைக்காட்சியில் இராணுவ உடுப்போடு செய்தி வாசித்தார்கள். வாயை அடைப்பதோடு அதிகாரம் நிற்பதில்லை. 'இப்படி நினைக்கிறது நீ ஒருத்தன்தான்' என்று ஒவ்வொருவரையும் நம்பவைக்கிறது.

1982 ஏப்ரல் 12 இரவு, வார்சாவில் சாலிடாரிட்டியின் ரகசிய வானொலி சில நிமிடங்கள் ஒலித்தது. கேட்கிறவர்கள் வீட்டு விளக்கை அணைத்து அணைத்துப் போடுங்கள் என்றது. ஜன்னல் ஜன்னலாக விளக்குகள் மின்னின. ஒலிபரப்பியவர்களுக்கு மட்டுமா அது பதில்? எதிர்வீட்டுக்காரர் யார் பக்கம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

1985 செப்டம்பரில் தோருன் நகர வானியலாளர்கள் சிலர், வீட்டுக் கணினி ஒன்றையும் டிரான்ஸ்மிட்டரையும் வைத்து, அரசுத் தொலைக்காட்சியின் படத்தின் மேலேயே சாலிடாரிட்டி வாசகங்களை ஏற்றினார்கள். விலையேற்றம், பொய், அடக்குமுறை எல்லாம் போதும் என்றன அவை. பிடிபட்டார்கள்; தண்டனையும் பெற்றார்கள்.

நம்பிக்கையை இவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கவில்லை. அது வீட்டுக்கு வீடு இருந்தது. ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நம் துண்டறிக்கைகளில் வாசகர் விளக்கைப் போட்டுக் காட்ட இடம் இருக்கிறதா?