உங்களுக்குத் தெரியுமா? வலைக்கு முன்னால் நிற்பவர்கள்

ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு. இந்திய ஹாக்கி அணியின் பயிற்சி முகாம் பெரும்பாலும் அங்குள்ள இந்திய விளையாட்டு ஆணைய வளாகத்தில்தான் நடக்கிறது. சிப்காட் ஷிஃப்ட் முடிந்து நம்மவர்கள் வீடு திரும்பும் அதே நெடுஞ்சாலையின் மறுகோடியில்தான் நாட்டின் தலைசிறந்த கோல்கீப்பர்கள் பட்டை தீட்டப்பட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் மானுவல் ஃபிரெடெரிக். கண்ணூரில் பிறந்து, பெங்களூரு ராணுவ அணியில் வளர்ந்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தை 2-1 என வென்று வெண்கலம் வாங்கிய இந்திய அணியின் கோல்கீப்பர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலையாளி. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கல் மாதிரி கெட்டி. முகக்கவசம் பழக்கத்துக்கு வராத அந்த நாளில் அதை நெற்றியைக் கொடுத்தே தடுப்பார் என்று பேர் வாங்கியவர். தியான்சந்த் விருது கிடைத்ததோ 2019-ல்தான், 47 ஆண்டு கழித்து! இவ்வளவு தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. 2025 அக்டோபர் 31 அன்று பெங்களூருவிலேயே காலமானார்.

ஐஸ் ஹாக்கியிலும் முகம் திறந்தே கிடந்த காலம் உண்டு. அங்கே பந்துக்குப் பதில் ‘பக்’ எனும் ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைத்துவிடுவார்கள். 1959 நவம்பர் 1, நியூயார்க். மாண்ட்ரியால் கனடியன்ஸ் அணியின் ஜாக் பிளான்ட் முகத்தில் அது பாய்ந்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். “முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன்” என்று நின்றுவிட்டார். பயிற்சியாளருக்கு முகமூடியே பிடிக்காது. ஆனால் அன்று ஓர் அணிக்கு ஒரே கோல்கீப்பர்தான், மாற்று ஆள் கிடையாது. வேறு வழியின்றி ஒத்துக்கொண்டார். மாண்ட்ரியால் 3-1 என ஜெயித்தது. மெல்ல மெல்ல எல்லாக் கோல்கீப்பர்களும் முகமூடி மாட்டினார்கள்.

2020 பிப்ரவரி 22, டொராண்டோ. கரோலினா ஐஸ் ஹாக்கி அணியின் இரண்டு கோல்கீப்பர்களும் அடிபட்டு வெளியேற, அவசரத்துக்கு இறக்கப்பட்டவர் டேவிட் ஏர்ஸ். வயது 42. பனித்தளத்தைச் சமன்செய்யும் வண்டி ஓட்டியவர். தாயின் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தவர். வந்த முதல் இரண்டு அடியும் கோல். அதன் பிறகு ஒன்றைக்கூட விடவில்லை! கரோலினா 6-3 என வென்றது.

நம் நாட்டில் ஐஸ் ஹாக்கியின் தாய்வீடு லடாக். குளிர்காலத்தில் உறையும் குளங்கள்தான் மைதானம். இந்தியப் பெண்கள் அணியின் கோல்கீப்பராக நின்ற நூர் ஜஹான், தொழிலால் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர். புத்த மடாலயங்களின் பழைய சுவரோவியங்களை மீட்டெடுப்பவர். 2025-ல் பெண்கள் அணி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

தரை ஹாக்கிக்குத் திரும்புவோம். மற்ற ஆட்டக்காரர்களுக்கு மட்டையும் ஷூவும் இருந்தால் ஓரளவு சமாளித்துவிடலாம். கோல்கீப்பருக்கு லெக் கார்டு, கிக்கர், நெஞ்சுக் காப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாமே வேண்டும். கொச்சி அருகே கிழக்கம்பலத்தில் ஒரு விவசாயி, மகனுக்கு இந்த உடுப்பு வாங்க வீட்டுப் பசுவை விற்றார். அந்த மகன்தான் பி.ஆர். ஸ்ரீஜேஷ். கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஹாக்கி அணி தொடங்க நினைக்கும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கோல்கீப்பர் உடுப்பைப் பள்ளிச் செலவில் முதலில் வாங்குங்கள். ஃபவுண்டரியில் சேஃப்டி ஷூ செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவது எப்படித் தப்போ, அப்படித்தான் இந்தச் செலவை மாணவர் தலையில் கட்டுவதும்.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ ஒலிம்பிக். ஜெர்மனிக்கு எதிராக இந்தியா 5-4 என முன்னிலை. ஆட்டம் முடிய ஏழு விநாடிகூட இல்லாத நேரத்தில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்குப் பதக்கம், வெண்கலம். கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த படம் நினைவிருக்கும். 2017-ல் முழங்கால் காயத்தோடு அவர் கதை முடிந்தது என்று பேசியவர்கள் பலர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், சிவப்பு அட்டையால் பத்துப் பேராகிவிட்ட இந்தியா ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் பிரிட்டனை 4-2 என வென்றதும் அவரை நம்பித்தான். அங்கும் வெண்கலம், அத்துடன் ஓய்வு.

அவர் அணிந்த 16-ஆம் எண் சட்டை இனி சீனியர் அணியில் யாருக்கும் தரப்படாது. ஓய்வுக்குப் பின் ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். 2025 டிசம்பரில் சென்னையில், 0-2 எனப் பின்தங்கிய அந்தப் பையன்கள் அர்ஜென்டினாவை 4-2 என வீழ்த்தி ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலத்தை வாங்கினார்கள்.