பதக்கத்துக்கு முந்தைய இரவு

2024 ஆகஸ்ட் 6. பாரிஸ் ஒலிம்பிக்கில், சர்வதேசக் களத்தில் அதுவரை யாரிடமும் தோற்காத ஜப்பானின் யுய் சுசாகியை இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் வீழ்த்தினார். அதே நாளில் மேலும் இருவரை வென்று இறுதிக்குள் நுழைந்தார். அன்றிரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் காலை எடை 50 கிலோவைத் தாண்டக் கூடாது. உடம்போ 2 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. விடிய விடிய உடற்பயிற்சி செய்து உடல் நீரை வியர்வையாக வெளியேற்றினார், முடியைக்கூட வெட்டிக்கொண்டார். அப்படியும் 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம்.

அந்த 100 கிராமைப் பற்றி நாடே பேசியது. எடை சரியாக இருந்திருந்தாலும், கண் மூடாத, நீர் வற்றிய உடம்போடுதான் அவர் தங்கத்துக்காக மோதியிருப்பார் என்பதைப் பேசியவர்கள் குறைவு.

ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. பயிற்சியில் நைந்த தசைகள் தேறுகின்றன. தூக்கம் கெட்டால் எதிர்வினை வேகம் குறையும், வழக்கமான பயிற்சியே பெரும் சுமையாகத் தெரியும், மனமும் சிடுசிடுக்கும்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கருமுட்டை வெளிவந்த பின் மாதவிடாய் தொடங்கும்வரை உடல் வெப்பம் அரை டிகிரி வரை உயர்ந்திருக்கலாம். உடம்பு சற்றுக் குளிர்ந்தால்தான் உறக்கம் வரும் என்பதால், அந்த நாட்களில் சிலருக்குத் தூக்கம் அடிக்கடி கலைகிறது. பாரிஸில் ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை இழந்த பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, அன்று மாதவிடாயின் மூன்றாம் நாள், உடம்பு சோர்ந்திருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதைச் சாக்கு என்று தள்ளுவது அநியாயம். செல்சி மகளிர் கால்பந்து அணி 2020-லேயே மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டிப் பயிற்சியை அமைக்கத் தொடங்கிவிட்டது.

இன்று பல அணிகள் காலையிலேயே கேட்கின்றன: எப்படித் தூங்கினாய், மனநிலை எப்படி, தசைவலி உண்டா? நல்ல வழக்கம்தான். ஆனால் ‘சரியில்லை’ என்று சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை உண்மையான பதில் வராது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அந்தச் ‘சரியில்லை’யைச் சொன்னார். 2021 ஜூலை 27 அன்று வால்ட்டில் இரண்டரை முறை சுழல வேண்டியவர் ஒன்றரையோடு தரையிறங்கினார். அந்தரத்தில் தன் உடல் எங்கே இருக்கிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் ‘ட்விஸ்டீஸ்’ எனப்படும் இந்நிலையில் தவறி விழுந்தால் கழுத்தே முறியலாம். மனநலம் முக்கியம் என்று அணிப் போட்டியிலிருந்து விலகினார். சிகிச்சையைத் தொடர்ந்தார். மூன்றாண்டு கழித்து பாரிஸில் அமெரிக்க அணி தங்கம் வென்ற அன்று காலையிலும், தன் மனநல ஆலோசகரிடம் பேசிவிட்டுத்தான் அவர் களமிறங்கினார்.