முதல் மூச்சும் நைட்ரிக் ஆக்சைடும்

கருப்பையில் வளரும் சிசுவுக்கு வேண்டிய ஆக்சிஜன் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடுவதால், திரவம் நிறைந்த அதன் நுரையீரலில் சிறு தமனிகள் இறுகிக் கிடக்கின்றன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கே அங்குச் செல்கிறது. பிறந்தவுடன் அந்த ஓட்டம் 8 முதல் 10 மடங்கு பெருகியாக வேண்டும்.

முதல் மூச்சில் நுரையீரல் விரிவதும், ஆக்சிஜன் உயர்வதும், பாயும் இரத்தம் குழாய்ச்சுவரை உரசுவதும் சேர்ந்து, தமனியின் உட்புறத்தில் ஓரடுக்காகப் படர்ந்துள்ள செல்களைத் தூண்டுகின்றன. அவை ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்க, அது அடுத்துள்ள தசைச் செல்களுக்குள் ஊடுருவி, சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூதுப்பொருளைப் பெருக்குகிறது. அதனால் செல்லுக்குள் கால்சியம் குறைய, தசை தளர்ந்து குழாய் விரிகிறது.

உட்புறச் செல்கள் உரிந்துபோன முயல் தமனி அசிட்டைல்கோலின் பட்டும் தளராததைக் கண்ட ராபர்ட் ஃபர்ச்காட், அச்செல்களே ஏதோ ஒரு தளர்த்தும் பொருளைச் சுரக்கின்றன என்று 1980இல் அறிவித்தார். அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1987இல் உறுதியானது. வாகனப் புகையில் கலந்துவரும் மாசாக மட்டுமே பலரும் அறிந்திருந்த ஒரு வாயு உடலுக்குள் செய்தி சுமக்கிறது என்ற அந்த முடிவு உண்மையிலேயே வியப்புக்குரியது. அதற்கான நோபல் பரிசை 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரும் பகிர்ந்துகொண்டனர்.

சில குழந்தைகளுக்குப் பிறந்த பின்னும் நுரையீரல் தமனிகள் தளர்வதில்லை. இரத்தம் கருவில் இருந்த பழைய குறுக்குவழிகளிலேயே நுரையீரலைத் தவிர்த்துச் செல்வதால் உடல் நீலம் பாரிக்கிறது. நரம்பூசி வழியே செலுத்திய தளர்த்தும் மருந்துகள் உடல் முழுவதிலும் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, நிலைமையை மேலும் மோசமாக்கக்கூடியவை. ஆனால் மூச்சுடன் தரப்படும் நைட்ரிக் ஆக்சைடு, நுரையீரலைத் தாண்டுமுன்பே ஹீமோகுளோபினிடம் சிக்கிச் செயலிழப்பதால், தேவையான இடத்தில் மட்டுமே வேலை செய்கிறது. பாஸ்டன், டென்வர் ஆய்வாளர்கள் 1992இல் இதன் பயனை வெளியிட்டனர். 1997இல் வந்த பெரிய ஆய்வில், இதயம் மற்றும் நுரையீரலின் பணியை ஏற்கும் எக்மோ கருவியின் தேவை தெளிவாகக் குறைந்தபோதிலும், இறப்பு விகிதத்தில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வழக்கமான அளவு, பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு மட்டுமே. இதற்கும் இணங்காத குழந்தைகளுக்கு, சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் சில்டெனாஃபில் தரப்படுவதுண்டு. வாயுவைத் திடீரென நிறுத்தினால் தமனிகள் மீண்டும் இறுகிவிடக்கூடும் என்பதால், மருத்துவர்கள் அதைப் படிப்படியாகவே குறைக்கின்றனர்.