கோழிக்குடலின் காவலும் வளர்ப்போரின் உரிமையும்

அடைகோழியின் சிறகடியில் வளரும் குஞ்சு, தாய் கிளறிய மண்ணையும் அதன் எச்சத்தையும் கொத்தும்போதே குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைப் பெற்றுக்கொள்கிறது. பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வந்திறங்கும் குஞ்சுக்கோ அந்தத் தாய்ச்சீர் வாய்ப்பதில்லை. கோழியின் குடலில், சிறப்பாக அதன் இரு குருட்டுக்குடல் பைகளில், கூடி வாழும் இவ்வுயிர்களின் முழுத் தொகுப்பே நுண்ணுயிர்த்தொகுதி எனப்படும். இது செரிமானத்துக்கு உதவுவதோடு, நோய்க்கிருமிகள் குடலில் இடம்பிடிக்காமலும் காக்கிறது. வளர்ந்த கோழியின் குடற்பொருளை ஊட்டப்பெற்ற குஞ்சுகள் சால்மோனெல்லாக் கிருமியை எதிர்த்து நின்றதைப் பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும் 1973இல் எடுத்துக்காட்டினர்.

நோய் வருமுன்பே தீவனத்திலும் குடிநீரிலும் ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கும் வழக்கம் இந்தக் காவலைக் குலைப்பதோடு, மருந்துக்கு அடங்காத கிருமிகளையே பெருகவிடுகிறது. ஓர் உயிரின் மரபுக் குறிப்புகள் அனைத்தும் சேர்ந்தது மரபணுத்தொகுதி. கிருமிகளின் மரபணுத்தொகுதியைப் படித்தறியும் அறிவியல், எதிர்ப்பாற்றல் எங்கிருந்து எங்கே பரவுகிறது என்று தடம் காண உதவுகிறது. மனிதருக்குக் கடைசிப் புகலாகக் கொடுக்கப்படும் கோலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்னும் மரபணு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது எனச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அம்மருந்தை விற்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது.

ஆகவே, தாம் வாங்கும் மருந்தின் பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட லேபிளையும் ரசீதையும் கேட்டுப் பெறுவது வளர்ப்போரின் உரிமையாகும். மருந்தை நிறுத்தியபின் முட்டையையோ இறைச்சியையோ விற்காமல் காத்திருக்க வேண்டிய விலக்குக் காலமும் லேபிளில் இருத்தல் வேண்டும். அந்த மருந்துக்கெனத் தனியே வரையறுக்கப்படாதபோது அது முட்டைக்கு 7 நாளுக்கும் கோழியிறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையலாகாது என்பது விதி. தடைசெய்த மருந்து விற்கப்பட்டால் மருந்து ஆய்வாளரிடம் புகார் அளிக்கலாம். சொந்த உழைப்பால் பிழைப்புக்காகவே கோழி வளர்ப்பவர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோராகவே கருதப்படுவதால், குறையுள்ள தீவனத்தாலோ மருந்தாலோ இழப்பு நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவதாகையால் ஆன்டிபயாடிக் அதைக் குணப்படுத்தாது. உரிய நாளில் போடும் தடுப்பூசியே அதற்குக் காப்பு. ஈரம் தங்காத கூளமும் தூய குடிநீரும் குடலின் காவலை நிலைநிறுத்தும். கோழிகள் திடீரென மடிந்தால் கடைக்காரரிடம் மருந்து கேட்பதை விடுத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கால்நடை மருத்துவரின் சீட்டின்றி ஆன்டிபயாடிக் வாங்குவதில்லை என்று ஒவ்வொரு வளர்ப்பாளரும் இன்றே உறுதி கொள்ள வேண்டும்.