சின்ன வண்டியில் நீளச் சரக்கு

சரக்கு வாங்குவதிலும் விலை பேசுவதிலும் நாம் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட அதை வண்டியில் ஏற்றும் வேளையில் காட்டுவதில்லை. பில் போட்டாகிவிட்டது, வண்டி வாசலில் நிற்கிறது, தூக்கிப் போடு, கயிற்றைச் சுற்று, கிளம்பட்டும் என்று அனுப்பிவிடுகிறோம். அதற்கு மேல் நடப்பது ஓட்டுநர் பாடு என்பது நம்மில் பலருடைய எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதை இங்கு சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு 'குட்டி யானை' நிற்காத கடைவீதி இல்லை என்றாகிவிட்டது. அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலிரோ பிக்கப் என்று இன்று வகைகளும் பெருகிவிட்டன. வண்டிகள் மாறினாலும் நாம் சரக்கு ஏற்றும் பழக்கம் மட்டும் மாட்டு வண்டிக் காலத்துப் பழக்கமாகவே இருக்கிறது. மாட்டு வண்டியில் மூங்கில் பத்தடி பின்னால் நீண்டாலும் மாடு நடந்துதான் போகும். குட்டி யானை 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருகிறார்.

மளிகைக் கடைக்காரருக்கு நீளச் சரக்கு ஏது என்று அன்பர்கள் கேட்கலாம். கடைக்கு ரேக் செய்ய இரும்பு ஆங்கிள், முகப்புக்குத் தகடு, பந்தலுக்குச் சவுக்குக் கழி, கிட்டங்கிக்குப் பிவிசி குழாய் என ஆண்டில் நாலைந்து முறையாவது வந்துவிடும். அதற்கென்று தனி வண்டி பேசுவானேன் என்று, அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வரும் வண்டியிலேயே மேலே போட்டுக் கொண்டுவருகிறோம். வாடகை மிச்சம் என்ற கணக்கில்தான் தொல்லை தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். ஏஸ் வண்டியின் பாடி ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். மூலைக்கு மூலை சாய்த்து வைத்தாலும் எட்டரை அடிதான் கிடைக்கும். பிவிசி குழாயின் வழக்கமான நீளம் 20 அடி. ஆக, பாதிக்கு மேல் வெளியில் நிற்கும். முறுக்குக் கம்பி 40 அடி நீளத்தில் வருவது. அதை இரண்டாக மடக்கினாலும் 20 அடி.

பின்னால் நீளும் கம்பியின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை நாம் சரியாக எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குக் கம்பி நீளமாகத் தெரியும். பின்னால் வருபவருக்கு அதன் நுனி மட்டும், ஒரு பொட்டு அளவுக்குத்தான் தெரியும். இரவில் அதுவும் தெரியாது. அவர் பார்ப்பது வண்டியின் சிவப்பு விளக்கை. அந்த விளக்கைக் கொண்டே தூரத்தைக் கணிக்கிறார். கம்பியின் நுனியோ விளக்குக்கு ஆறடி முன்னதாகவே அவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. முன் வண்டி பிரேக் போட்டால் அந்த ஆறடியில்தான் உயிர் போகிறது. நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டோமே என்பது சமாதானம் ஆகாது. இருட்டில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான்.

சந்து திரும்பும்போது வேறொரு வம்பும் உண்டு. வண்டியின் முகம் இடப்புறம் திரும்பினால், பின்னால் நீண்டிருக்கும் பகுதி வலப்புறமாக வீசி வரும். ஓட்டுநர் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியாமலேயே அது எதிரில் வருபவரையோ கடை வாசலில் நிற்பவரையோ அடித்துவிடும்.

இனி சட்டத்துக்கு வருவோம். கம்பி, கழி போன்ற பிரிக்க முடியாத சரக்கு வண்டியின் பின்புறம் ஒரு மீட்டர் வரை நீண்டிருக்கலாம் என்ற சலுகை மத்திய மோட்டார் வாகன விதிகளில், 93-ஆம் விதியில், முன்பு இருந்தது. 2014-இல் அது நீக்கப்பட்டது. பழைய நினைவில் "மூன்றடி வரை போகலாம்" என்று சொல்லும் அன்பர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது செல்லாது. பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பாடிக்கு முன்னாலும் சரக்கு நீளக்கூடாது. 1-9-2019 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் இதற்கு 20,000 ரூபாய் அபராதமும், சரக்கை இறக்கும் செலவும் விதிக்கப்பட்டுள்ளன. சரக்கைச் சரிசெய்யும் வரை வண்டி நகரவும் முடியாது. அளவுக்கு மேல் எடை ஏற்றினாலும் 20,000 ரூபாய். மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

அந்தப் பிரிவின் வாசகத்தை வணிகர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். வண்டியை ஓட்டுபவர் என்று மட்டும் அதில் இல்லை. ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்றும் இருக்கிறது. சொந்த வண்டி வைத்திருப்பவர் "டிரைவர்தான் ஏற்றினார்" என்று ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

அப்படியானால் என்ன செய்வது? குழாயாக இருந்தால் 10 அடித் துண்டுகளாகக் கேட்டு வாங்கலாம். இணைப்புக்கு ஆகும் செலவு சொற்பம். ஆங்கிளை அளவு சொல்லிக் கடையிலேயே அறுத்து வாங்கிவிடலாம். 9, 10 அடி பாடி உள்ள பிக்கப்பில் இவை அடங்கிவிடும். 20 அடியாகவே வேண்டுமென்றால் அதற்கேற்ற நீளமுள்ள லாரியைத்தான் பேச வேண்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று கடைக்காரர் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் வாடகை பங்காகிவிடும். பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு அதன் மேல் பாரம் ஏற்றி நீளம் கூட்டுவதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கதவு பாரம் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

நீளச் சரக்கு பாடிக்குள் அடங்கிவிட்டாலும் கட்டு சரியாக இருக்க வேண்டும். கனமான சரக்கு தானாக அசையாது என்பது பெரிய தப்பெண்ணம். வண்டி திடீரென நின்றால் சரக்கு நிற்காது. அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையை முன்புறமும், பாதி விசையைப் பக்கவாட்டிலும் பின்புறமும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பின்பற்றப்படும் அளவு. 500 கிலோ சரக்கென்றால் முன்னால் 400 கிலோ விசை. ஓட்டுநர் அறைக்குப் பின்னுள்ள தடுப்பில் சரக்கு இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால் இதில் பெரும்பகுதியை அதுவே தாங்கிக்கொள்ளும். ஓரடி இடைவெளி விட்டால் அதுவே சுத்தியல் அடியாக மாறும். எனவே மூட்டைகளை முன்னால் தடுப்பை ஒட்டி, கனமானதைக் கீழே வைத்து, அடுக்க வேண்டும். குழாய்க் கட்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கக்கூடியது. தனியே இரண்டு மூன்று இடத்தில் சேர்த்துக் கட்டி, அதன் பிறகே வண்டியோடு கட்ட வேண்டும்.

கயிறு மேலிருந்து கீழாக எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு அழுத்தம் கிடைக்கும். 30 டிகிரிச் சாய்வில் படுத்தாற்போல் போனால் அழுத்தம் பாதியாகிவிடும். இழுவிசை அதேதான், பயன் பாதிதான். தகடு, காலி டிரம், பிளாஸ்டிக் நாற்காலி போன்ற எடையில்லாச் சரக்குக்கு எதிரி காற்று. வேகம் 30-லிருந்து 60 ஆனால் காற்றின் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. இவற்றை மேலே செருகி வைத்தால் போதாது. ஒவ்வொன்றின் ஊடாகவும் கயிறு போயிருக்க வேண்டும். கிளம்பிப் பத்துக் கிலோமீட்டர் போனதும் சரக்கு குலுங்கி அமர்ந்து கயிறு தளர்ந்துவிடும். அங்கே ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

எடையைப் பொறுத்தவரை ஒரு சிறு விவரம். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்து, அவ்வளவும் சரக்கு ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறோம். காலி எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர்க்கப்படுவதில்லை. இருவர் என்றால் சுமார் 130 கிலோ, அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டை இரண்டரை, குறைத்துக்கொள்ள வேண்டும். பாரம் பின்சக்கரத்துக்கும் பின்னால் கூடினால் முன்பக்கம் தூக்கும். ஸ்டீரிங் பிடி விட்டாற்போல் லேசாகும். பாலத்தில் ஏறும்போது இதை உணராத ஓட்டுநர் இருக்கமாட்டார்.

சரக்கு விழாமல் பிடித்துக்கொள்ள ஆளை மேலே உட்கார வைக்கும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். 400 கிலோ விசையை எந்த மனிதனும் கையால் பிடிக்க முடியாது. சரக்கோடு அவரும் போவார். சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் ஆட்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்துள்ளது. சரக்கின் உரிமையாளருக்கோ அவர் அனுப்பிய ஆளுக்கோ 1994 திருத்தத்தால் காப்பு உண்டு. ஆனால் அவரும் ஓட்டுநர் அறையில் அமர்ந்து வர வேண்டும். தெரிந்தவர் வழியில் கை காட்டினார் என்று பின்னால் ஏற்றிக்கொள்வது அவருக்கும் உதவியல்ல, வண்டிக்காரர் குடும்பத்துக்கும் நல்லதல்ல.

இறக்கும்போது பின்கதவுக்கு நேரே நின்று கொக்கியை எடுக்கக்கூடாது. வழியில் சரிந்த எண்ணெய் டின் கதவில் சாய்ந்து நிற்கும். திறந்தவுடன் காலில் விழும். பக்கத்தில் நின்று முதலில் ஒரு கொக்கியை மட்டும் தளர்த்திப் பார்க்க வேண்டும். அவிழ்த்த கயிற்றை வண்டியின் மேலேயே வெயிலில் போட்டு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்தால் உள்ளுக்குள் இற்றுப்போகும். கையில் தேய்த்தால் பொடி பொடியாக உதிர்ந்தால், அதைச் சரக்குக் கட்டப் பயன்படுத்த வேண்டாம்.